எத்தனால் கலந்த நீரில் களிமண்ணின் நேரயனிப் பரிமாற்றத்தை அளப்பது எப்படி?

சோடியம் ஏற்றிய மாண்ட்மோரிலோனைட் களிமண்ணை இரண்டு மையவிலக்கிக் குழாய்களில் அரை கிராம் வீதம் எடுத்துக்கொண்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரையும் மற்றொன்றில் 95 சதவீத எத்தனாலையும் ஊற்றி, நன்றாகக் குலுக்கிச் சுழற்றிப் பாருங்கள். நீர் ஊற்றிய குழாயில் மேல்திரவம் பால்போல் கலங்கியே நிற்கும். எத்தனால் ஊற்றிய குழாயிலோ களிமண் அடியில் கெட்டியான வில்லையாகப் படிந்து, மேலே நிற்கும் திரவம் தெளிந்திருக்கும். களிமண்ணும் அதில் உள்ள சோடியமும் இரண்டு குழாய்களிலும் ஒன்றே. மாறியது கரைப்பான் மட்டும்தான்.

மண் ஆய்வகங்களில் நேரயனிப் பரிமாற்றத் திறனை, அதாவது களிமண் பிடித்துவைத்து மாற்றிக்கொள்ளக்கூடிய நேர்மின்சுமை அயனிகளின் மொத்த அளவை, அளக்கும்போது மிகுதி உப்பைக் கழுவுவதற்கு எத்தனாலைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் காட்சியே முக்கியக் காரணம். ஆனால் அந்தப் பழக்கத்தாலேயே எத்தனாலை வெறும் கழுவு திரவம் என்று கருதிவிடும் மனப்போக்கும் வளர்ந்துவிட்டது. கரைப்பான் மாறும்போது களிமண் அடுக்குகளின் விரிவும், கரைசலில் அயனிகள் இருக்கும் நிலையும், உப்பின் கரைதிறனும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. கருவியில் கிடைக்கும் எண்ணில் இம்மூன்றும் கலந்தே வரும். அவற்றைப் பிரித்தறியாமல் "எத்தனால் பரிமாற்றத்தைக் கூட்டியது" என்றோ "குறைத்தது" என்றோ எழுதுவது அளவீடு ஆகாது என்பது என் உறுதியான கருத்து. பிரித்தறியும் வழியைச் சோடியம்–கால்சியம் பரிமாற்றத்தை எடுத்துக்காட்டாக வைத்துக் கீழே விளக்குகிறேன்.

கரைப்பான் எதை மாற்றுகிறது

மாண்ட்மோரிலோனைட்டின் அடுக்குகளில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் அமர்ந்திருப்பதால் அடுக்குக்கு நிலையான எதிர்மின்சுமை உண்டாகிறது. அதை ஈடுசெய்யும் சோடியம், கால்சியம் போன்ற நேரயனிகள் அடுக்குகளுக்கு இடையே, இறுகப் பிணைக்கப்படாமல் நிற்கின்றன. பரிமாற்றத்துக்கு உள்ளாகிறவை இவையே. எதிரெதிர் மின்சுமைகளுக்கு இடையிலான ஈர்ப்பைக் கரைப்பான் எவ்வளவு தணிக்கிறது என்பதை அதன் மின்காப்பு மாறிலி காட்டுகிறது. 25 டிகிரி செல்சியஸில் நீரின் மதிப்பு 78.4. மெத்தனாலுக்கு 32.7, எத்தனாலுக்குச் சுமார் 24.5, அசிட்டோனுக்கு 20.7. கரிமக் கரைப்பான் என்றாலே இம்மதிப்பு தாழ்ந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஃபார்மமைடின் மதிப்பு ஏறத்தாழ 110, அதாவது நீரைவிட அதிகம்.

மாறிலி குறையும்போது களிமண் பரப்பின் எதிர்மின்சுமையும் அதைச் சூழ்ந்து நிற்கும் அயனித் திரளும் சேர்ந்த மின் இரட்டை அடுக்கு சுருங்குகிறது. லிட்டருக்கு 0.01 மோல் சோடியம் குளோரைடு உள்ள நீரில் சுமார் 3 நானோமீட்டராக இருக்கும் அதன் தடிமன், அதே செறிவு எத்தனாலில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால் 1.7 நானோமீட்டராகக் குறைகிறது. நீரில் தனித்தனியாகப் பிரிந்து மிதந்த அடுக்குகள் எத்தனாலில் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. தெளிந்த குழாயில் நாம் கண்டது இதைத்தான். அடுக்குகள் முழுவதும் ஒட்டிப்போய்விடுவதில்லை. ஆல்கஹால் மூலக்கூறுகளும் அடுக்கிடைவெளிக்குள் புகக்கூடியவை. எத்திலீன் கிளைக்கால் ஏற்றிய ஸ்மெக்டைட் (மாண்ட்மோரிலோனைட் அடங்கிய களிமண் வகை) ஏறத்தாழ 1.7 நானோமீட்டர் அடுக்கிடைத் தொலைவைக் காட்டுவதை வைத்தே எக்ஸ் கதிர் ஆய்வில் அந்தக் கனிமத்தை இனங்காண்கிறார்கள். ஆகவே நடப்பது, எல்லையற்ற விரிவிலிருந்து அளவான விரிவுக்கு இறங்குவது.

கரைசலிலும் மாற்றம் நிகழ்கிறது. மின்காப்பு மாறிலி தாழ்ந்த கரைப்பானில் கால்சியமும் குளோரைடும் இணையாகச் சேர்ந்தே திரியும் போக்கு வலுக்கிறது. அப்படி உருவாகும் ஒற்றை நேர்மின்சுமை கொண்ட கால்சியம் குளோரைடு இணை, கால்சியம் அயனியைப் போலவே களிமண்ணிலும் சென்று அமரக்கூடியது. இது கணக்கைக் குழப்பும் இடம் என்பதால், இதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

களிமண்ணைத் தேர்ந்து தயாரித்தல்

கரைப்பானின் விளைவைப் பார்க்க வேண்டுமானால் பரிமாற்றத் திறன் மிகுந்த களிமண் தேவை. அமெரிக்கக் கிளே மினரல்ஸ் சொசைட்டி வழங்கும் மாதிரிக் களிமண்களில் வயோமிங் மாண்ட்மோரிலோனைட்டின் திறன் 100 கிராமுக்கு 76.4 மில்லி ஈக்விவலண்ட் (மில்லிமோலில் எண்ணிய மின்சுமை) என்றும், ஜார்ஜியா கயோலினைட்டின் திறன் 2.0 என்றும் பதிவாகியுள்ளன. கயோலினைட்டில் அளவீட்டுப் பிழையே விளைவை விழுங்கிவிடும். இந்தியாவில் கட்ச், பார்மர் பகுதிகளின் பென்டோனைட் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் சுண்ணாம்பும் இரும்பு ஆக்சைடுகளும் கலந்திருக்கலாம் என்பதால், பிஎச் 5 உள்ள சோடியம் அசிட்டேட் தாங்கல் கரைசலில் வைத்துக் குறைந்தபட்சம் கார்பனேட்டையாவது நீக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பிறகு களிமண்ணை நீரில் கலக்கி, 2 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களைப் படிய விடும் முறையில் பிரித்தெடுங்கள். 20 டிகிரியில் மேலிருந்து 10 சென்டிமீட்டர் ஆழம் வரை உள்ள தொங்கலை (துகள்கள் மிதக்கும் கலங்கல் நீரை) உறிஞ்சி எடுக்க ஏறத்தாழ 8 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 30 டிகிரி உள்ள அறையில் நீரின் பாகுத்தன்மை குறைவதால் ஆறேகால் மணி நேரம் போதும். எடுத்த தொங்கலை லிட்டருக்கு 1 மோல் சோடியம் குளோரைடு கரைசலால் மூன்று முறை குலுக்கிச் சுழற்றி, டயாலிசிஸ் குழாயில் அடைத்து, வெளிநீரை மாற்றிக்கொண்டே இருங்கள். வெளிநீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டாலும் கலங்கல் தோன்றாத நிலை வந்ததும் நிறுத்தலாம். இறுதியில் உறைநிலை உலர்த்தலோ 60 டிகிரி சூளையோ ஏற்றது. அதைவிட அதிகம் சூடாக்க வேண்டாம். உலர்ந்த தூள் அறைக்காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு முறை எடை போடும்போதும் ஒரு சிறு பகுதியை 105 டிகிரியில் உலர்த்தி ஈர அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். தூய எத்தனாலில் சோதனை செய்கிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். களிமண்ணோடு வரும் அந்தச் சிறிதளவு நீர், நாம் அளக்க விரும்பும் அயனிகளைச் சூழ்ந்தே நிற்கிறது.

கரைப்பான் கலவைகள்

எத்தனால்–நீர் கலவையைக் கன அளவால் தயாரிக்காதீர்கள். 50 மில்லியும் 50 மில்லியும் கலந்தால் 100 மில்லி கிடைப்பதில்லை. ஏறத்தாழ 96 முதல் 97 மில்லிதான் வரும். எடையால் தயாரித்தால் இந்தக் குழப்பம் இல்லை. எடைவிகிதத்தில் 0, 20, 50, 80 சதவீத எத்தனால் என்று நான்கு கலவைகள் போதும். அவற்றின் மின்காப்பு மாறிலி முறையே சுமார் 78, 67, 49, 33 என்று சீராக இறங்குகிறது.

எத்தனாலின் தூய்மை எளிதாகக் கடந்துபோகக்கூடிய செய்தி அல்ல. குடிப்பதற்குப் பயன்படாதபடி பிரிடின் போன்றவை சேர்த்த மலிவான சாராயத்தை இந்தச் சோதனையில் பயன்படுத்தவே கூடாது. பிரிடின் ஒரு காரம். அது புரோட்டானை ஏற்றுப் பிரிடினியம் என்ற நேரயனியாகிக் களிமண்ணில் உறுதியாக அமர்ந்துவிடும். நாம் சோடியத்தையும் கால்சியத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஒன்று ஓசையில்லாமல் இடம் பிடித்திருக்கும்.

குழாய்கள் பாலிப்ரொப்பிலீனால் ஆனவையாக இருக்கட்டும். அசிட்டோனுக்கு முன் பாலிஸ்டைரீன் கரையும், பாலிகார்பனேட் விரிசல் விடும். எத்தனாலின் தீப்பற்று நிலை 13 டிகிரி அளவிலேயே இருப்பதால் நம் ஊர் அறைவெப்பத்தில் அதன் ஆவி எப்போதும் பற்றக்கூடியது. குழாய் மூடிகளை இறுக்கி, காற்றோட்டம் உள்ள இடத்தில், சுடர் எரியும் கருவிகளிலிருந்து விலகி வேலை செய்யுங்கள். உப்பாகப் பெர்குளோரேட்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவை எத்தனாலில் நன்றாகக் கரையும் என்பது உண்மையானாலும், கரிமக் கரைப்பானோடு சேர்ந்து உலரும்போது வெடிக்கும் அபாயம் உண்டு.

முதலில் கரைதிறனைச் சோதியுங்கள்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன என்பதால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கால்சியம் குளோரைடு எத்தனாலில் நன்றாகக் கரையும். சோடியம் குளோரைடு 100 கிராம் தூய எத்தனாலில் 0.065 கிராம் அளவே கரையும், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிமோல். அரை கிராம் வயோமிங் களிமண்ணில் 0.38 மில்லிமோல் சோடியம் உள்ளது. அதைத் தூய எத்தனாலில் கரைத்த 25 மில்லி கால்சியம் குளோரைடு கரைசலில் போட்டால், சோடியம் முழுவதும் வெளியேறும் நிலையில் லிட்டருக்கு 15 மில்லிமோல் ஆக வேண்டும். அவ்வளவு கரையாது. கரைசலில் ஏற்கெனவே உள்ள குளோரைடு அந்த எல்லையை மேலும் தாழ்த்தும். மிகுதிச் சோடியம் சமையல் உப்பாகவே களிமண்ணோடு கலந்து படிந்துவிடும்.

இதன் விளைவு இரு பக்கமும் தவறாக முடியும். மேல்திரவத்தில் சோடியத்தை அளப்பவர் "பரிமாற்றம் பாதியிலேயே நின்றுவிட்டது" என்பார். உண்மையில் வெளியேறிய சோடியம் உப்பாக விழுந்துகொண்டே இருப்பதால் பரிமாற்றம் முன்னோக்கி இழுக்கப்பட்டிருக்கும். களிமண்ணைக் கரைத்தெடுத்து அளப்பவரோ படிந்த உப்பையும் பரிமாறாத சோடியமாகக் கணக்கில் சேர்ப்பார். இந்தக் காரணத்தாலேயே எத்தனாலை 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கிறேன். ஒவ்வொரு கலவையிலும் களிமண் இல்லாத குழாய் ஒன்றை மற்றவற்றோடு சேர்த்தே குலுக்கிச் சுழற்றி, அதன் சோடியமும் கால்சியமும் போட்ட அளவிலேயே இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதும் கட்டாயம்.

சமநிலைக்குக் கொண்டுவருதல்

ஒவ்வொரு கரைப்பான் கலவையிலும் மொத்த மின்சுமைச் செறிவை லிட்டருக்கு 0.02 மோல் என்று நிலையாக வைத்துக்கொண்டு, சோடியம் குளோரைடுக்கும் கால்சியம் குளோரைடுக்கும் இடையிலான விகிதத்தை மட்டும் மாற்றி ஐந்தாறு கரைசல்கள் தயாரியுங்கள். வெற்றுக் குழாயை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, அரை கிராம் களிமண்ணும் 25 மில்லி கரைசலும் சேர்த்து, 25 டிகிரியில் 24 மணி நேரம் குலுக்குங்கள். சுழற்றி மேல்திரவத்தை வடித்துவிட்டு, அதே கரைசலைப் புதிதாக ஊற்றி மீண்டும் குலுக்குங்கள். நான்கு முறை இப்படிச் செய்தால், களிமண்ணிலிருந்து வெளியேறும் அயனியால் கரைசலின் விகிதம் மாறுவது ஏறத்தாழ நின்றுபோய், நாம் தயாரித்த கரைசலோடேயே களிமண் சமநிலையில் இருப்பதாகக் கொள்ளலாம்.

எத்தனால் மிகுந்த கலவைகளில் அடுக்குகள் நெருங்கியிருப்பதால் பரிமாற்றம் மெதுவாக நடக்கக்கூடும். ஆகவே ஒரு குழாயை 48 மணி நேரம் குலுக்கி 24 மணி நேரக் குழாயோடு ஒப்பிடுங்கள். இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. சோடியக் களிமண்ணிலிருந்து மட்டும் தொடங்காமல், கால்சியம் ஏற்றிய களிமண்ணிலிருந்தும் தொடங்கி, அதே கரைசலோடு சமநிலைப்படுத்துங்கள். இரண்டும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தால் அது சமநிலை. சேராவிட்டால், சுருங்கிய அடுக்குகளுக்குள் அயனிகள் அடைபட்டுள்ளன என்று பொருள். அந்த நிலையில் சமநிலை மாறிலியைக் கணக்கிடுவதற்கே இடமில்லை. இந்த இரட்டைச் சோதனைக்கு ஆகும் கூடுதல் ஒரு வாரத்தை யாரும் மிச்சப்படுத்த முயல வேண்டாம்.

களிமண்ணில் இருப்பதை அளத்தல்

கடைசி மேல்திரவத்தை வடித்ததும் குழாயை மீண்டும் எடை போடுங்கள். குழாயின் எடையையும் களிமண்ணின் எடையையும் கழித்தால் வில்லைக்குள் தங்கிய கரைசலின் எடை கிடைக்கும். அது 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத எத்தனாலின் அடர்த்தி மில்லிக்கு 0.91 கிராம் என்பதால் கன அளவு 2.2 மில்லி, அதில் 0.044 மில்லிமோல் மின்சுமை இருக்கும். களிமண்ணின் மொத்தம் 0.38 என்பதோடு ஒப்பிட்டால் இது 11 சதவீதத்துக்கும் மேல். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால், அல்லது நீரின் அடர்த்தியையே எல்லாக் கலவைகளுக்கும் போட்டுவிட்டால், கிடைக்கும் "கரைப்பான் விளைவு" பெரும்பாலும் வடிப்பதில் நேர்ந்த வேறுபாடாகவே இருக்கும்.

இப்போது களிமண்ணைக் கழுவாமல், நீரில் தயாரித்த லிட்டருக்கு 1 மோல் அம்மோனியம் அசிட்டேட் கரைசலில் 20 மில்லி வீதம் மூன்று முறை குலுக்கிச் சுழற்றி, வடித்தெடுத்ததை 100 மில்லியாக்குங்கள். சோடியத்தைச் சுடர் ஒளிமானியிலும் கால்சியத்தை அணு உட்கவர்தல் கருவியிலும் அளந்து, தங்கிய கரைசலின் பங்கைக் கழித்துவிடுங்கள். சமநிலைக் கரைசலை அளக்க விரும்பினால் அதை நேராகச் சுடரில் செலுத்தக் கூடாது. எத்தனால் தெளிப்பையும் சுடரையும் மாற்றி அளவை உயர்த்திக் காட்டும். நீர்க்குளியலில் ஆவியாக்கி, நீர்த்த அமிலத்தில் கரைத்த பிறகே அளக்க வேண்டும்.

அதே வடிதிரவத்தில் குளோரைடையும் அளவிடுங்கள். இந்த ஒரு கூடுதல் எண் பல சந்தேகங்களைத் தீர்க்கிறது. குளோரைடு, தங்கிய கரைசலுக்கு உரிய அளவிலேயே இருந்து, சோடியமும் கால்சியமும் சேர்ந்து களிமண்ணின் பரிமாற்றத் திறனுக்குச் சமமாக வந்தால், அளவீடு தூய்மையானது. குளோரைடு மிகுந்து, நேரயனிகளின் கூட்டுத்தொகையும் திறனைத் தாண்டினால், உப்பு படிந்திருக்கிறது அல்லது முன்பு சொன்ன கால்சியம் குளோரைடு இணை களிமண்ணில் அமர்ந்திருக்கிறது. களிமண் இல்லாத குழாயிலும், வெளியேறும் சோடியத்தையும் சேர்த்துப் பார்த்த கரைதிறன் கணக்கிலும் குறையில்லை என்றால் இணையையே சந்தேகிக்க வேண்டும்.

கணக்கிடுதல்

களிமண்ணில் கால்சியத்தின் மின்சுமைப் பின்னத்தைக் கரைசலின் சோடியச் செறிவின் வர்க்கத்தால் பெருக்கி, அதைக் களிமண்ணில் சோடியத்தின் மின்சுமைப் பின்னத்தின் வர்க்கமும் கரைசலின் கால்சியச் செறிவும் சேர்ந்த பெருக்கற்பலனால் வகுத்தால், 1953இல் கெய்ன்ஸும் தாமஸும் வகுத்த முறையிலான தேர்வுக் குணகம், அதாவது களிமண் சோடியத்தைவிடக் கால்சியத்தை எவ்வளவு விரும்புகிறது என்பதைக் காட்டும் எண், கிடைக்கும். மின் இரட்டை அடுக்குக் கோட்பாட்டின்படி மின்காப்பு மாறிலி குறையக் குறையக் களிமண் ஒற்றை மின்சுமை அயனியைக் கைவிட்டு இரட்டை மின்சுமை அயனியை அதிகம் விரும்ப வேண்டும். கரைசலில் உருவாகும் அயனி இணைகளோ கால்சியத்தைக் கரைசலிலேயே பிடித்து வைத்து எதிர்த்திசையில் இழுக்கின்றன. எது வெல்கிறது என்பதை உங்கள் களிமண்ணும் கலவையும் முடிவு செய்யும்.

இங்கே செறிவுக்குப் பதிலாகப் பயனுறு செறிவை (அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதைத் திருத்திய செறிவை) பயன்படுத்த விரும்புகிறவர்கள் நீருக்கான அட்டவணைகளை எடுக்கக் கூடாது. அந்தத் திருத்தத்தைக் கணக்கிட உதவும் டிபை–ஹக்கல் சமன்பாட்டின் மாறிலி நீரில் 0.51, 50 சதவீத எத்தனாலில் அது ஏறத்தாழ 1.03 ஆகவும், 80 சதவீதத்தில் 1.9 ஆகவும் உயர்கிறது. கால்சியத்துக்கு இந்த வேறுபாடு நான்கால் பெருக்கப்படும். திருத்தம் செய்யாத எண்ணை வெளியிடுவதில் தவறில்லை. "தோற்றத் தேர்வுக் குணகம்" என்று பெயரிட்டுவிட்டால் போதும்.

மண் ஆய்வகத்தின் எத்தனால் கழுவல்

அமெரிக்க வேளாண் துறையின் உவர் மண் ஆய்வகம் 1954இல் வெளியிட்ட 60ஆம் எண் கையேட்டின் முறை இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. 4 கிராம் மண்ணைப் பிஎச் 8.2 உள்ள சோடியம் அசிட்டேட்டால் நான்கு முறை நிறைத்து, 95 சதவீத எத்தனாலால் மூன்று முறை கழுவி, அம்மோனியம் அசிட்டேட்டால் சோடியத்தை வெளியேற்ற வேண்டும். மூன்றாம் கழுவலின் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 40 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கோயம்புத்தூர் வட்டாரத்துக் கரிசல் போன்ற சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு, பிஎச் 7 உள்ள அம்மோனியம் அசிட்டேட்டைவிடச் சுண்ணாம்பை மிகக் குறைவாகக் கரைக்கும் இந்த முறையே பொருத்தமானது.

அந்த 40 என்ற எண்ணை நீரின் அளவுகோலில் படிக்காதீர்கள். எத்தனாலில் அயனிகள் மெதுவாகவே நகர்வதால், அதே அளவு சோடியம் உப்பு நீரில் காட்டும் கடத்துத்திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே காட்டும். குறைவாகக் கழுவினால் தங்கிய உப்பு பரிமாற்றத் திறனை உயர்த்திக் காட்டும். எண் இறங்கியது போதாது என்று மேலும் மேலும் கழுவினால், எத்தனாலில் உள்ள சிறிதளவு நீரே சோடியத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்லும். செலவைக் குறைக்க எத்தனாலை நீரால் நீர்த்துக் கழுவும் வழக்கம் இந்த இழப்பைக் கூட்டுவதோடு, களிமண்ணைக் கலங்க வைத்து மேல்திரவத்தோடு வெளியேற்றியும் விடுகிறது. வடிக்கும் ஒவ்வொரு மேல்திரவத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய பால்நிறம் தெரிந்தாலும் அந்த மாதிரியைக் கைவிட்டு மீண்டும் தொடங்குவதே நல்லது. கழுவலையே தவிர்க்க விரும்பினால், தாமிர டிரையெத்திலீன்டெட்ராமின் அல்லது கோபால்ட் ஹெக்சாமின் கரைசலில் களிமண்ணைக் குலுக்கி, கரைசலிலிருந்து எவ்வளவு உலோகம் குறைந்தது என்பதைக் கொண்டே திறனைக் கணக்கிடும் முறைகள் உள்ளன. மாண்ட்மோரிலோனைட் போன்ற தூய களிமண்ணுக்கு நான் இவற்றையே பரிந்துரைப்பேன்.

பிற கரைப்பான்களில், ஐசோபுரொப்பனால் எத்தனாலுக்குப் பதிலாகக் கழுவலில் பயன்படும். அசிட்டோன் விரைவில் உலர்வதால் கவர்ச்சியாகத் தோன்றினாலும், அமிலத்தன்மை கொண்ட களிமண் பரப்பில் அது தனக்குள்ளேயே வினைபுரிந்து வேறு சேர்மங்களாக மாறக்கூடும். நீண்ட நேரக் குலுக்கலுக்கு ஏற்றதல்ல. நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட அம்மோனியம் அயனிகளைக் களிமண்ணில் ஏற்றும்போது எத்தனாலின் பணி வேறு. அந்த அயனிகள் பரிமாற்றத் திறனையும் தாண்டி, சங்கிலியோடு சங்கிலி ஒட்டிக்கொண்டு கூடுதலாகச் சேர்கின்றன. மின்சுமையால் பிணைந்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவைத்து, இப்படி ஒட்டியவற்றைக் கழற்றுவதற்கு நீரைவிட எத்தனால்–நீர் கலவையே பொருத்தமானது. ஹெக்சேன் போன்ற மின்முனைவற்ற கரைப்பான்களில் சாதாரண உப்புகள் கரைவதே இல்லை என்பதால் அவற்றில் இந்தச் சோதனையைச் செய்ய வழியில்லை.